வெயில் காலத்தில் ஓவனை மூடி வைத்துவிடுகிறீர்களா?

மொட்டைமாடி_மல்லி:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான், ஆனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூரில் இரண்டாம் மாடி ஃப்ளாட். மேலே மொட்டை மாடி, அதனால் வெயில் நேராக எங்கள் தலையில்தான் இறங்கும். போன டிசம்பரில் ஒரு ஓடிஜி (மேடையில் வைக்கிற சின்ன கரண்ட் ஓவன்) வாங்கினேன். முதல் ஞாயிறு செய்த பிரெட்டை ஜன்னலில் வைத்தேன், காக்கா ஒரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. இரண்டாவது ஞாயிறு உள்ளே வேகவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தது பாருங்கள், அதுதான் என்னைக் கெடுத்தது.

மார்கழி. தெருக்கோடிக் கோயிலில் ஸ்பீக்கர் போட்டாயிற்று, வீட்டில் வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. ஓவனிலிருந்து எடுத்துக் கம்பித் தட்டில் வைத்துவிட்டு காபிக்குப் பால் வைக்கத் திரும்பினால், பின்னால் ஏதோ சத்தம். பல்லிதான் என்று நினைத்தேன். பார்த்தால் ரொட்டி! சூடு ஆற ஆற மேல்தோல் இழுத்துக்கொண்டு டிக், டிக் என்று மெல்ல வெடிக்கிறது. குனிந்து காதை வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றதில் பால் பொங்கி வழிந்துவிட்டது. அன்று என் மாமியார் (தோசையைத் தவிர எதையும் டிபன் என்று ஒத்துக்கொள்ளாதவர்) ஒரு துண்டைக் காபியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் பத்மஸ்ரீ வந்த மாதிரி.

அதிலிருந்து பங்குனி வரைக்கும் ஒரு ஞாயிறுகூட விடவில்லை. வாரம் முழுக்க ஆபீஸில் என்ன கூத்து நடந்தாலும் ஞாயிறு காலை ஐந்து மணி இருக்கிறது என்று ஒரு நினைப்பு இருக்கும், அது போதும்.

ஏப்ரல் வந்தது, எல்லாம் போச்சு. அதே அளவு, அதே ஈஸ்ட், முப்பத்தைந்தே நிமிடத்தில் மாவு பாத்திரத்தைத் தாண்டி மேடையில் உட்கார்ந்திருக்கிறது. புளித்த நெடி. சுட்டால் தட்டையாக, ஓட்டை ஓட்டையாக வருகிறது. சரி, பிஸ்கட் செய்யலாம் என்றால் வெண்ணெய் உருகி ஓடி, பன்னிரண்டு பிஸ்கட்டும் சேர்ந்து ஒரே பிஸ்கட் ஆகிவிட்டது. இப்போது கத்திரி வேறு. இரண்டு ஞாயிறாக ஓவனைத் தொடவில்லை, அதன்மேல் பழைய பேப்பர் ஏறிவிட்டது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு வருத்தம் ஏன் என்று எனக்கே புரியவில்லை.

நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்? கத்திரி முடியும்வரை கடையை மூடிவிடுவதுதான் வழியா, இல்லை வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்கிறீர்களா?

நியாயம்_பேசுறேன்:

மேடம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளியே நாற்பது டிகிரி. வீட்டுக்குள் இருநூறு டிகிரியில் ஒரு பெட்டியை ஒரு மணி நேரம் எரியவிட்டு, அந்தச் சூட்டைப் போக்க ஏசி போட்டு, கடைசியில் கையில் வருவது முக்குக்கடையில் நாற்பது ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிற பிரெட். அந்த ஓடிஜி 1500 வாட் என்றால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். அது பெரிய காசு இல்லை, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஏசியும் சேர்ந்து இரண்டு மாதக் கணக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டிவிட்டால் பில்லைப் பார்த்து நீங்களே பிரெட் மாதிரி தட்டையாகிவிடுவீர்கள். மே மாதத்துக்கு மாங்காயும் மோரும் போதும் என்பது என் கட்சி.

செய்தே தீருவேன் என்றால் ஓவனை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் வையுங்கள். வயர் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டுவிட்டு.

பழைய_பேக்கரி:

மல்லிம்மா, கடையை மூட வேண்டாம். நான் மதுரையில் ஒரு பேக்கரியில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன், இப்போது மளிகைக் கடை. சித்திரையிலும் வைகாசியிலும் நாங்கள் பன்னைப் போடாமலா இருந்தோம்? மதுரை வெயில் உங்கள் ஊருக்குச் சளைத்ததில்லை.

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் இட்லிக்கு மாவு ஆட்டுகிறீர்களா? மார்கழியில் ராத்திரி ஆட்டிய மாவு விடிந்தும் பொங்காமல் இருந்தால் அடுப்புப் பக்கத்தில் நகர்த்தி வைப்பீர்கள், துண்டைப் போர்த்திவிடுவீர்கள். மே மாதம் அதே மாவை நாலைந்து மணி நேரத்தில் ஃப்ரிட்ஜில் தள்ளிவிடுவீர்கள், உப்பைக்கூட யோசித்துப் போடுவீர்கள். இதை யாரும் புத்தகம் பார்த்துச் செய்வதில்லை. பன் மாவும் அதே ஜாதிதான், உள்ளே ஏதோ ஒன்று தின்று ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வெயிலில் அதற்குப் பசி அதிகம்.

எங்கள் மாஸ்டர் வெயில் காலத்தில் ஐஸ் உடைத்துப் போட்ட தண்ணீரில்தான் டஃப் (பன் மாவு) போடச் சொல்வார். "தண்ணியில கை வச்சா விரல் மரக்கணும்" என்பார். அப்போது எனக்கு அது ஏதோ வாத்தியார் அதட்டல் மாதிரி தெரிந்தது. பின்னால்தான் கணக்குப் புரிந்தது. பிசைந்து முடிக்கும்போது மாவின் சூடு 26 டிகிரி பக்கம் இருக்க வேண்டும். 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதில் உங்கள் சமையலறையின் சூட்டையும் மாவு டப்பாவின் சூட்டையும் கழியுங்கள், மீதி வருவதுதான் தண்ணீரின் சூடு. மே மாதம் உங்கள் அடுப்படி 34 என்றால் மாவும் 34, இரண்டும் போக மீதி 10. அதாவது ஃப்ரிட்ஜ் தண்ணீர். கையில் பிசையும்போதே இரண்டு டிகிரி ஏறும் என்பதால் இன்னும் கொஞ்சம் ஜில்லென்று இருந்தாலும் தப்பில்லை. மார்கழியில் அடுப்படி 26 என்று வையுங்கள், தண்ணீரும் 26, குழாய்த் தண்ணீரே போதும். உங்களுக்கு டிசம்பரில் எல்லாம் சரியாக வந்ததற்குக் காரணம் கைராசி மட்டுமில்லை!

ஈஸ்ட்டைப் பாதிக்கு மேல் குறையுங்கள். அரை கிலோ மைதாவுக்கு டிசம்பரில் 5 கிராம் போட்டீர்கள் என்றால் இப்போது 2 போதும். சனிக்கிழமை ராத்திரி பிசைந்து, அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். டப்பா பெரியதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் காலையில் ஃப்ரிட்ஜைக் கழுவுகிற வேலை சேர்ந்துகொள்ளும். நாலரை மணிக்கு எடுத்து உருட்டி டின்னில் போட்டால் வெயில் ஏறுவதற்குள் ஓவனை அணைத்துவிடலாம். ராத்திரி முழுக்க மெதுவாக ஏறிய மாவுக்கு ஒரு தனி ருசி உண்டு, டிசம்பர் ரொட்டியைவிட நன்றாகக்கூட இருக்கும், சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

மழைக்காலம் வேறு கதை. ஐப்பசி கார்த்திகையில் மாவே ஈரம் குடித்திருக்கும், தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் இரண்டு ஸ்பூன் கையில் நிறுத்தி வைத்துக்கொண்டு, பதம் பார்த்து விடுங்கள். அந்தச் சமயத்தில் எனக்குப் பிடித்தது ரஸ்க். முந்தின நாள் பிரெட்டை விரல் மொத்தத்துக்கு நறுக்கி, சின்னச் சூட்டில், 120 டிகிரி போதும், நடுவில் ஒரு தடவை புரட்டிப் போட்டு, ஈரம் சுத்தமாகப் போகும்வரை உள்ளேயே வைத்திருங்கள். வெளியே மழை, ஓவன் பக்கத்தில் கதகதப்பு, பூனை இருந்தால் பூனையும் அங்கேதான் இருக்கும். டப்பாவில் போடும்போது முழுதாக ஆறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுநாளே நமத்துப் போகும்.

நியாயம் தம்பி சொன்ன பில் விஷயம் உண்மைதான். ஓவனைச் சூடு பண்ணினால் ஒரு பிரெட்டோடு நிறுத்தாதீர்கள், பின்னாலேயே ஒரு டிரே பன்னும் போய்விட வேண்டும். பேக்கரியில் காலி ஓவன் எரிந்தால் மாஸ்டர் பார்வையே வேறு மாதிரி இருக்கும்.

தேரிக்காடு:

அண்ணாச்சி இட்லி மாவு என்று சொன்னதும் எனக்கு எங்கள் அம்மா ஞாபகம். நான் தூத்துக்குடி பக்கம். எங்கள் வீட்டில் ஓவனும் கிடையாது, கீவனும் கிடையாது. பழைய குக்கரில் கடல்மணல் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு அதற்குள் சுடுகிற கேக்தான். அந்த மணல் இருபது வருடமாக ஒரே மணல், ஒரு பவுடர் டப்பாவில் கிடக்கிறது. அதைத் தொட்டால் அம்மா கத்துவாள்.

மல்லி அக்கா கேட்ட "வெயிலுக்கு என்ன" என்பதற்கு எங்கள் ஊரில் பதில் இருக்கிறது: கருப்பட்டி. பங்குனி, சித்திரை, வைகாசி எல்லாம் பதநீர் இறங்குகிற காலம், புதுக் கருப்பட்டி வரும். பழைய கருப்பட்டிக்கும் புதுசுக்கும் வித்தியாசம் உடைக்கும்போதே தெரியும், புதுசு உள்ளே இளகலாக, ஈரமாக, மூக்கில் வைத்தால் பதநீர் காய்ச்சுகிற புகை வாசனையோடு இருக்கும். 200 கிராம் கருப்பட்டியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டுங்கள், ஓலைத்துணுக்கும் மண்ணும் இல்லாத கருப்பட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை. நன்றாக ஆறட்டும். 200 கிராம் கோதுமை மாவு, ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை ஆப்பசோடா, சுக்கு, ஏலக்காய், இரண்டு முட்டை, வெண்ணெய்க்குப் பதில் அரை டம்ளர் நல்லெண்ணெய். ஆமாம், நல்லெண்ணெய்தான். முகம் சுளிக்காதீர்கள், கருப்பட்டியும் எள்ளும் ஒன்றுக்கொன்று புதுசா என்ன? மாவு இறுகினால் ஒரு கரண்டி பால். வெயிலில் உருகுமே, ஓடுமே என்ற கவலையே கிடையாது, எண்ணெய் ஏற்கெனவே உருகித்தான் இருக்கிறது. மெல்லிய தீயில் முக்கால் மணி நேரம். மறுநாள்தான் ருசி. அன்றைக்கே தின்று தீர்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

மழைக்காலத்தில் நான் தொடவே தொடாத ஒன்று மக்ரூன். எங்கள் ஊர் மக்ரூன் தெரியும்தானே, வெறும் முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரி. சர்க்கரை காற்றிலிருக்கிற ஈரத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும். ஒரு கார்த்திகை மழையில் ஆசைப்பட்டுச் செய்தேன், ராத்திரி மொறுமொறுப்பு, காலையில் கையில் எடுத்தால் பல்லில் ஒட்டுகிற பசை. கடைக்காரர்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள். நான் மாசி மாதம் வரைக்கும் காத்திருக்கப் பழகிவிட்டேன்.

குசினிக்_குருவி:

நான் யாழ்ப்பாணம், இப்போது இருபத்தைந்து வருடமாகக் கனடாவில், ஸ்கார்பரோவில். மல்லி, உங்கள் பிஸ்கட் ஏன் ஓடியது என்று எனக்குத் தெரியும். இந்த நாட்டு ரெசிப்பிகளில் "வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்" என்று எழுதியிருப்பார்கள். அந்த அறை இங்குள்ள அறை, இருபது டிகிரி. இங்கே நான் வெண்ணெயை மேசையில் வைத்துவிட்டு இரண்டு மணித்தியாலம் வேறு வேலை பார்க்கலாம், விரலால் அமத்தினால் மெல்லப் பள்ளம் விழும், உருகாது. சென்னை மேசையில் அது பத்து நிமிடத்தில் நெய். நீங்கள் ஃப்ரிட்ஜால் எடுத்தவுடன் வெட்டிப்போட்டுச் சீனியோடு அடியுங்கள், பிஸ்கட்டை வெட்டிய பிறகு தட்டோடு அரை மணி நேரம் ஃப்ரீஸரில் வையுங்கள், கல்லாக இருக்கும்போதே அவனுக்குள் (உங்கள் ஓவன்தான்) போகட்டும்.

எனக்கு உங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. தை மாதத்தில் வெளியே மைனஸ் பதினைந்து, பாண் மா (பிரெட் மாவு) அசையவே அசையாது. அவனை மூட்டாமல் உள்ளுக்கு லைட்டை மட்டும் போட்டு அதற்குள் மாவை வைப்பேன், அந்தச் சின்ன லைட்டின் சூடே காணும். மனுசன் ஒருநாள் அது தெரியாமல் அவனை 200-இல் போட்டுவிட்டார். பிளாஸ்டிக் மூடியோடு.

ஆனால் பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிப் போகிற நாட்களில் அந்த வாசனை இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. வந்த முதல் வருடம் யாரோடும் கதைக்கப் பிடிக்காது, வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இருந்திருக்கிறேன். பக்கத்து அப்பார்ட்மெண்டில் இருந்த ஒரு அன்ரிதான் கேக் அடிக்கக் கூப்பிட்டவர். நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) லவ் கேக். றவையை மெல்ல வறுக்கிறது, கஜுவை (முந்திரி) குறுணியாக வெட்டுகிறது, முட்டை மஞ்சட்கருவைச் சீனியோடு வெளுக்கும்வரை அடிக்கிறது, தேன், சாதிக்காய், பன்னீர். கஜு வெட்டுகிற வேலையை மட்டும் என்னிடம் தந்துவிட்டு அவர் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டே இருந்தார். அந்த ஒன்றரை மணித்தியாலம் எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கிறது, கையில் கத்தி வழுக்கியதுகூட.

இங்கே புரட்டாதி, ஐப்பசியில் அப்பிள் பிடுங்கப் போவோம். மக்கின்ரொஷ் என்று ஒரு அப்பிள், ஒன்ராறியோவிலேயே பிறந்த இனம், கடிக்கப் புளிப்பும் இனிப்பும், அவனில் போட்டால் கரைந்து களியாகிவிடும். பையாகச் சுடுகிறவர்கள் அதனால் அதைக் குறை சொல்வார்கள். எனக்கு அது கரைவதுதான் பிடிக்கும், ஏனென்றால் அது பனங்களி மாதிரி.

பனங்களி என்றால் மல்லிக்குத் தெரியுமோ? ஊரில் ஆடி, ஆவணியில் சோளகக் காற்று அடிக்கும், விடிய இருட்டில் வளவுக்குள் தொப்பென்று பனம்பழம் விழுகிற சத்தம் கேட்கும். யார் முதலில் ஓடுகிறதென்று எங்களுக்குள் போட்டி. அம்மா தோலை உரித்துப் பிசைந்து, தும்பை வடித்து, களியை எடுத்துச் சீனி போட்டு அடுப்பில் காய்ச்சுவா, அப்போதுதான் காறல் போகும். பிறகு மாவைக் குழைத்துக் கிள்ளிக் கிள்ளி எண்ணெயில் போட்டால் பனங்காய்ப் பணியாரம். அது சுடுகிறது இல்லை, பொரிக்கிறதுதான், இந்தத் திரிக்குப் பொருந்துமோ தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன் நல்லூர்த் திருவிழாவுக்குப் போனபோது தங்கச்சியின் அவனில் அந்தக் களியைப் போட்டு ஒரு கேக் செய்து பார்த்தேன். கால்வாசி எரிந்தது. மிச்சத்தை ஒருவரும் எனக்குத் தரவில்லை.

நியாயம்_பேசுறேன்:

நான் கணக்குதான் சொன்னேன், யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. தேரிக்காடு, அந்த நல்லெண்ணெய் கேக்கில் முட்டை இல்லாமல் வருமா? என் வீட்டில் கேட்கச் சொன்னார்கள். எனக்கு இல்லை.

தேரிக்காடு:

வரும். முட்டைக்குப் பதில் அரை டம்ளர் கெட்டித் தயிர், சோடாவைக் கால் ஸ்பூன் ஆக்குங்கள். கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும். உங்களுக்கு இல்லை என்பதால் வீட்டில் உள்ளவர்கள் அட்ஜஸ்ட் செய்துகொள்வார்கள்.

மொட்டைமாடி_மல்லி:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். சனிக்கிழமை ராத்திரி பழைய_பேக்கரி அண்ணன் சொன்ன மாதிரியே கணக்குப் போட்டேன். அடுப்படியில் தெர்மாமீட்டர் இல்லாததால் பையனின் ஜுரம் பார்க்கிறதை எடுத்துப் பார்த்தேன், அது என் சமையலறைக்குக் காட்ட மறுத்துவிட்டது. போனில் இருந்த வானிலையைப் பார்த்து 34 என்று வைத்துக்கொண்டேன். ஃப்ரிட்ஜ் தண்ணீர், ஈஸ்ட் இரண்டு கிராம். பிசையும்போது மாவு ஜில்லென்று இருந்ததே ஒரு சுகம். இந்த வெயிலில் இருபது நிமிடம் கையை ஜில்லென்று வைத்துக்கொள்ள வேறு வழி எனக்குத் தெரியவில்லை, நியாயம் சார், இதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாலே முக்காலுக்கு எடுத்தேன். இரட்டிப்பாகி, விரலால் தொட்டால் குழந்தைக் கன்னம் மாதிரி. ஆறே காலுக்கு ஓவனை அணைத்தாயிற்று. பின்னாலேயே ஒரு டிரே பன்னும் போட்டேன், அதில் நாலு கீழ்வீட்டுக்குப் போனது, அவர்கள் பதிலுக்கு ஒரு கிண்ணம் மாவடு கொடுத்தார்கள். மாமியார் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டாவது துண்டு எடுத்தார்.

ஒன்று மட்டும் குறை. ரொட்டி வெடிக்கிற சத்தம் கேட்கவே இல்லை. ஏன் என்று யோசித்தால், ஃபேன் ஐந்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அணைத்துவிட்டு ஒரு நிமிடம் வியர்வையோடு நின்று பார்த்தேன். இருந்தது. ரொம்ப மெல்ல, டிசம்பர் அளவுக்கு இல்லை, ஆனால் இருந்தது.

குருவி அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பனம்பழம் நான் சாப்பிட்டதே இல்லை, நுங்கு மட்டும்தான். ஆடியில் சென்னையில் எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரியுமா?

பழைய_பேக்கரி:

நுங்கு விற்கிறவரிடமே இப்போதே சொல்லி வையுங்கள். மரத்தில் நாலு குலையை வெட்டாமல் விட்டால்தானே பழம்.

குசினிக்_குருவி:

கிடைத்தால் களியைக் காய்ச்ச மறக்காதேயுங்கோ. கேக்கை 160-க்கு மேலே போடாதேயுங்கோ, எனக்கு எரிந்தது அதனால்தான்.